பிழிந்த தேங்காய்ப்பூ முதல் உமிச்சாம்பல் வரை: கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு விஞ்ஞானம் படித்து ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவள் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டிலும் காலி வீதிப் பஸ்ஸிலும் கேள்விகள் வந்து விழும். சோறு, தேங்காய், தவிடு, உமி, சந்தைக் குப்பை என்று சுற்றிச் சுற்றி ஒரு பத்துக் கேள்விகள்தான். விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில விடைகள் நீளமானவை, ஏனென்றால் அவை உடல்நலத்தோடும் உயிரோடும் தொடர்புள்ளவை.

கேள்வி: 'உயிர்த்திணிவு' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது என்ன?

மரம், செடி, விலங்கு என்று உயிருள்ளவற்றிலிருந்து கிடைக்கும் எல்லாமே உயிர்த்திணிவுதான். விவசாயத்தில் பெரும்பாலும் நாம் உண்ணாமல் ஒதுக்கும் பகுதியையே இந்தச் சொல் குறிக்கிறது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமியும், 8 முதல் 10 கிலோ தவிடும் ஒதுங்கும். தேங்காயில் தும்பு, சிரட்டை, புண்ணாக்கு ஆகியவை ஒதுங்குகின்றன.

'கழிவு' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பொருளில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எத்தனை மணி நேரம் கிடந்தது என்ற இரண்டும்தான் அது உணவா குப்பையா என்பதைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பல விடைகளில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: தேங்காயெண்ணெய் விட்டுச் சோறு சமைத்துக் குளிரவைத்தால் கலோரி பாதியாகக் குறையும் என்கிறார்கள். உண்மையா?

எல்லாவற்றையும் விட அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. செய்தி கிளம்பியதும் நம் ஊரிலிருந்துதான். 2015 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாடு நடந்தது. ராஜகிரியவில் உள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்ஸ், கலாநிதி புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில் செய்த ஆய்வை அங்கே சமர்ப்பித்தார். இலங்கையின் 38 வகை அரிசிகளை அவர்கள் பரிசோதித்திருந்தார்கள். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய், பிறகு அரைக் கோப்பை அரிசி, 40 நிமிடம் மெல்லிய சூட்டில் வேகவிட்டு, 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது. முறை அவ்வளவுதான்.

இதன் பின்னால் உள்ள இரசாயனம் சரியானது. சோற்றின் மாப்பொருளில் அமைலோசு என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு இருக்கிறது. வேகும்போது அது மணிகளிலிருந்து வெளியே கசிகிறது. குளிரும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்து இறுகுகின்றன. அப்படி இறுகியதைச் சிறுகுடலின் நொதியங்களால் எளிதில் வெட்ட முடியாது. அது பெருங்குடல் வரை போய் அங்கிருக்கும் நுண்ணங்கிகளுக்கு இரையாகிறது. இதைத்தான் 'எதிர்ப்பு மாப்பொருள்' என்கிறோம். மீண்டும் சூடாக்கினாலும் இதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

ஆனால் '50 முதல் 60 சதவீதம்' என்ற எண்ணை உலகப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட விதம் எனக்கு வருத்தம் தந்தது. மிகப் பொருத்தமான அரிசியைத் தேர்ந்து பதப்படுத்தினால் அந்த அளவுக்குக் குறையக்கூடும் என்றுதான் ஆய்வாளர்கள் சொன்னார்கள். மனிதர்களிடம் சோதிப்பது அடுத்த கட்டம் என்றும் சொன்னார்கள். அதே 2015இல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் வெள்ளைச் சோற்றை எண்ணெய் சேர்க்காமல் வெறுமனே குளிரவைத்து அளந்தார்கள். புதிதாக வடித்த 100 கிராம் சோற்றில் 0.64 கிராம் எதிர்ப்பு மாப்பொருள் இருந்தது. 24 மணி நேரம் 4 பாகையில் வைத்து மீண்டும் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். எடையில் அது ஒரு கிராம். அதை உண்ட 15 பேரின் இரத்த வெல்லம் சற்றுக் குறைவாகவே உயர்ந்தது என்பதும் உண்மை, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. நீரிழிவுள்ள ஒருவர் வழக்கமாகப் போடும் இரண்டு அகப்பைச் சோற்றில் அரை அகப்பையைக் குறைத்தால் கிடைக்கும் பயன் இதைவிட நிச்சயமானது. மருந்தின் அளவை இந்தச் சோற்றை நம்பி மாற்றவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் பழஞ்சோறும் இதே பலனைத் தருமா?

குளிர்ந்த சோறு என்ற அளவில் ஓரளவு தரும். ஆனால் பழஞ்சோற்றின் சிறப்பு வேறு. இரவு முழுவதும் நீரில் ஊறும்போது இலற்றிக் அமில பற்றீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்புத்தான் அதன் காவல். நீர் ஊற்றாமல் சட்டியில் மூடி மேசையில் விட்ட சோறு வேறு கதை. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பசிலசு சீரியசு என்ற பற்றீரியாவின் வித்திகள் வேகும்போது சாவதில்லை. கொழும்பின் வெக்கையில் சில மணி நேரத்தில் முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே குளிரவைக்க நினைக்கும் சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பெரிய பானையோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆறவே நெடுநேரம் பிடிக்கும்.

கேள்வி: பால் பிழிந்த தேங்காய்ப்பூவை எறிய மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

எறிய மனம் வராதது நியாயமானது. பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் பால் பிழிந்து உலர்த்திய தேங்காய் மாவை அளந்தபோது, அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நார்ச்சத்தாக இருந்தது. கேக் போன்ற பண்டங்களில் 20 முதல் 25 சதவீதம் இந்த மாவைக் கலந்தபோது அவற்றின் கிளைசீமியச் சுட்டி, அதாவது உணவு இரத்த வெல்லத்தை உயர்த்தும் அளவு, குறைந்தது. தேங்காயின் நாரில் பெரும்பங்கு 'மன்னான்' என்ற கூட்டு வெல்லம். அதை மன்னனேசு நொதியத்தால் சிறு துண்டுகளாக வெட்டி, குடலின் நல்ல பற்றீரியாக்களுக்கு உணவாக்குவது இன்று பல நாடுகளில் நடக்கும் ஆராய்ச்சி.

வீட்டில் செய்வதென்றால், பிழிந்த கையோடு தட்டில் மெல்லியதாகப் பரப்பி, அடுப்புப்பெட்டியில் 70 பாகை அளவில் மொறுமொறுப்பாகும் வரை உலர்த்துங்கள். பிறகு அரைத்து ரொட்டி மாவிலோ பிட்டு மாவிலோ சிறிதளவு சேருங்கள். நீரை நிறைய உறிஞ்சும், மாவு பிசையும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கையால் பிழிந்ததில் எண்ணெய் மிச்சமிருக்கும், நாளானால் சிக்கு வாடை வரும். ஆகவே கொஞ்சமாகச் செய்து குளிரில் வையுங்கள். காலையில் பிழிந்ததை மாலையில் உலர்த்தலாம் என்று ஒதுக்கி வைத்தால் அது கோழிக்குக்கூட உகந்ததல்ல.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 2024இல் 'நேச்சர் மைக்ரோபயோலொஜி' ஆய்விதழில் மேற்கு ஜாவாவின் 'ஒன்சொம்' பற்றிய ஆய்வு வந்தது. நிலக்கடலைப் புண்ணாக்கிலும் சோயாப் பால் எடுத்த சக்கையிலும் நியூரோஸ்போரா இன்டர்மீடியா என்ற செம்மஞ்சள் பங்கசை வளர்த்து மக்கள் உண்ணும் உணவு அது. பங்கசு சக்கையின் நாரை உடைத்துச் சுவையும் சத்தும் உள்ள உணவாக்குகிறது. சக்கைகளில் வளரும் பங்கசு வகை, காட்டில் வளரும் அதன் உறவிலிருந்து மரபணு அளவிலேயே பிரிந்திருக்கிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது. மனிதனின் சமையலறை ஒரு பங்கசைப் பழக்கி எடுத்திருக்கிறது! வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அதே நாளில் இரண்டு பேர், "தேங்காய்ப்பூவிலும் இதைச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டார்கள்.

செய்யவே கூடாது. அதே ஜாவாவில் தேங்காய்ச் சக்கையைப் புளிக்கவைத்துச் செய்த 'தெம்பே பொங்க்ரெக்' என்ற உணவு பல நூறு உயிர்களைக் குடித்திருக்கிறது. தேங்காயின் கொழுப்பமிலங்கள் உள்ள இடத்தில் ஒரு குறிப்பிட்ட பற்றீரியா புகுந்தால், பொங்க்ரெக் அமிலம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சமைத்தாலும் போவதில்லை. 1988இல் இந்தோனேசிய அரசு அந்த உணவின் உற்பத்தியைத் தடைசெய்தது. பிழிந்த தேங்காய்ப்பூவை உலர்த்துங்கள், வறுங்கள். புளிக்க மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: தவிட்டில் சத்து இருக்கிறதென்று ஆலையில் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் கசந்தது. கலப்படமா?

கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. எனக்கும் இது நடந்திருக்கிறது. படிப்பு முடித்த வருடம், உறவினர் ஒருவரின் ஆலையிலிருந்து ஒரு பை பச்சைத் தவிட்டை மடியில் வைத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ரயிலில் வந்தேன். வந்த மறுநாளே வாடை மாறிவிட்டது. நெல்மணி முழுதாக இருக்கும் வரை அதிலுள்ள எண்ணெயும் அதை உடைக்கும் லைபேசு நொதியமும் வேறு வேறு அறைகளில் இருக்கின்றன. தீட்டும் கணத்தில் இரண்டும் கலந்துவிடும். அந்த மணி நேரத்திலிருந்தே எண்ணெய் கொழுப்பமிலங்களாக உடையத் தொடங்குகிறது. அதனால்தான் தவிட்டெண்ணெய் எடுக்கும் நாடுகளில், தீட்டிய உடனேயே நீராவியாலோ அழுத்தி வெளித்தள்ளும் இயந்திரத்தின் சூட்டாலோ அந்த நொதியத்தை முடக்கிவிடுகிறார்கள்.

நமக்கு ஒரு வசதி உண்டு. புழுங்கல் நெல் அவிக்கப்பட்டே ஆலைக்கு வருவதால், அதன் தவிட்டில் லைபேசு ஏற்கெனவே செத்துவிட்டது. எண்ணெயும் சற்றுக் கூடுதல். வாங்கினால் புழுங்கல் தவிடாக, அன்றே தீட்டியதாக வாங்கிச் சலித்து வறுத்து வையுங்கள். அப்போதும் கை நிறைய உண்ண வேண்டாம். அரிசியில் உள்ள ஆசனிக்கு என்ற நச்சு மூலகம் தவிட்டில்தான் அதிகம் செறிகிறது. கைக்குழந்தைகளுக்குத் தவிட்டுக் கஞ்சி கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சிரட்டைக்கு வெளிநாட்டில் ஏன் இவ்வளவு மதிப்பு?

சிரட்டைக் கரியை 900 பாகை அளவில் நீராவியோடு சேர்த்துச் சூடாக்கினால் கரியின் ஒரு பகுதி வாயுவாகிப் போய், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுகின்றன. அதுதான் ஏவப்பட்ட காபன். ஒரு கிராமுக்குள் இருக்கும் மேற்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். நம் காணிக் கணக்கில் 40 பேர்ச், யாழ்ப்பாணத்துக் கணக்கில் நான்கு பரப்பு! மரக்கரியை விடச் சிரட்டைக்கரி கடினமானது, அதன் துளைகளும் மிக நுண்ணியவை. குடிநீரைச் சுத்திகரிக்கவும் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் அதைத் தேடுவது இதனால்தான். ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் 1970களிலிருந்தே இங்கே இதைச் செய்து ஏற்றுமதி செய்கின்றன. உலர்ந்த பொருள், சிறிய இடத்தில் நிறைய எடை, மாதக்கணக்கில் கெடாது. இலங்கையின் உயிர்த்திணிவுத் தொழில்களில் இது நிலைத்து நின்றதற்கு அந்த மூன்றும் போதுமான காரணங்கள். குழியில் மண்மூடிக் கரி சுடும்போது வெளியேறும் காபனோரொட்சைட்டும் மெதேனும்தான் இன்னும் தீராத குறை. அந்த வாயுக்களைப் பிடித்து எரித்துச் சூடாகப் பயன்படுத்தும் சூளைகள் பரவ வேண்டும்.

கேள்வி: பேலியகொடைச் சந்தையில் குவியும் மரக்கறிக் கழிவையும், தெருவோரச் செவ்விளநீர்க் கோம்பைகளையும் எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ மரக்கறிக் கழிவில் 800 கிராம் நீர், 200 கிராம் உலர்பொருள் என்று வையுங்கள். உலர்பொருள் கிலோவுக்கு ஏறத்தாழ 17 மெகாயூல் வெப்பம் தரும், ஆக 200 கிராமில் 3.4. அந்த 800 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.1 மெகாயூல் வேண்டும். பாதிக்கு மேல் நீரைத் துரத்தவே போய்விடுகிறது! மீதியிலும் கொதிகலனும் சுழலியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கெரவலப்பிட்டியில் 2021இல் திறக்கப்பட்ட 10 மெகாவாட் நிலையம் போன்றவை கலப்புக் குப்பைக்குப் பயன்படும். ஈரக் கழிவைத் தனியே பிரிக்கும் பொறுப்பை அந்த நிலையங்கள் நம்மிடமிருந்து எடுத்துவிடவில்லை.

ஈரத்தை எதிர்க்காமல் பயன்படுத்தும் வழிகள் இரண்டு. ஒன்று, காற்றில்லாத தொட்டியில் நுண்ணங்கிகளிடம் விட்டு மெதேன் எடுப்பது. நீர் அங்கே தடையல்ல, தேவை. மற்றது, 180 முதல் 250 பாகையில் அழுத்தத்தின் கீழ் நீரோடு சேர்த்தே 'சமைத்து', நிலக்கரி போன்ற பொருளாக்குவது. ஜேர்மனிய விஞ்ஞானி பிரெட்ரிக் பேர்கியசு 1913இலேயே இதை விவரித்துவிட்டார். நூறு வருடம் கழித்து இன்று அது மீண்டும் ஆய்வுகூடங்களுக்கு வந்திருக்கிறது. கோம்பை போன்று ஈரமும் நாரும் சேர்ந்த பொருளுக்கு இது பொருத்தம் என்பது என் எண்ணம். அதுவரை, தெருவோரம் கிடக்கும் கோம்பைகளில் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு வளர்வதைத் தடுக்க, அவற்றை நான்காகப் பிளந்து போடும்படி வியாபாரியிடம் சொல்லலாம்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈர உணவுக் கழிவு அழுகி, மெதேனும் கழிவுநீரும் ஊறிக் கிடந்த மலை அது. நம் வீட்டு வாழைப்பழத்தோலும் அதில் இருந்தது. குப்பை பிரிப்பதைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் நான் அந்த நாளைத்தான் நினைவூட்டுவேன்.

கேள்வி: இந்தியாவில் வைக்கோலிலிருந்து எதனோல் எடுக்கிறார்களே, நாமும் செய்யலாமா?

ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் அந்த ஆலை திறக்கப்பட்டது. வருடத்துக்கு ஏறத்தாழ 2 இலட்சம் தொன் வைக்கோலிலிருந்து 3 கோடி லீற்றர் எதனோல் என்பது அதன் இலக்கு. வைக்கோலின் செலுலோசை இலிக்னின் என்ற பசை இறுகப் பூசியிருக்கிறது. முதலில் அமிலத்தாலோ நீராவியாலோ அதைத் தளர்த்தி, பிறகு நொதியங்களால் வெல்லமாக்க வேண்டும். அந்த நொதியங்களைத் தரும் ட்ரைகோடேர்மா ரீசை என்ற பங்கசு கிடைத்த வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. அவற்றைத் தின்ற பங்கசுதான் இது. 2010இல் நோர்வே ஆய்வாளர்கள், செலுலோசு போன்ற கெட்டியான சங்கிலிகளை ஒட்சியேற்றி அறுக்கும் புதியவகை நொதியங்களை விளக்கிய பிறகு இந்த வேலை வேகமெடுத்தது.

ஆனாலும் நம் வைக்கோலைக் கொழும்புக்கு ஏற்றி வருவதை நான் ஆதரிக்கவில்லை. வடஇந்தியாவில் எரிக்கப்பட்டு டெல்லியின் காற்றைக் கெடுக்கும் வைக்கோலுக்கு அந்த ஆலை ஒரு மாற்று. நெற்பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து அந்த வருட நவம்பரில் நீக்கப்படும் வரை விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, வயலுக்குச் சொந்தமான உரத்தை வயலிலிருந்து பிரிக்க எனக்கு மனம் இல்லை.

கேள்வி: உமிக்கு என்ன பயன்?

உமி நெல் ஆலைக் கொதிகலனிலேயே எரிந்து நெல் அவிக்கிறது, அது நல்ல பயன். சாம்பல்தான் வீணாகிறது. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், சாம்பலில் ஏறத்தாழ 90 சதவீதம் சிலிக்கா. 700 பாகைக்குக் கீழே எரித்தால் உருவமற்ற சிலிக்கா கிடைக்கும். கொங்கிரீற்றுக்கும் டயருக்கும் அது உகந்தது. சூடு கூடினால் பளிங்குருவாகி, மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். உமியை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒன்று: ஒரு கன மீற்றர் உமி ஏறத்தாழ 100 கிலோதான். லொறிக்குள் ஏறுவது பெரும்பாலும் காற்று.

கேள்வி: சோற்றுப் பார்சலுக்குப் பாக்குமட்டையா, கரும்புச்சக்கைப் பெட்டியா?

பாக்குமட்டை, அல்லது வாழையிலை. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச்ஷீற்றுக்குத் தடை வந்த பிறகு கரும்புச்சக்கைப் பெட்டிகள் பெருகின. சக்கையில் குற்றமில்லை. எண்ணெய் ஊறாமலிருக்க இத்தகைய பெட்டிகளில் சிலவற்றில் புளோரின் சேர்ந்த இரசாயனங்களைச் சேர்த்திருந்தார்கள், அவை மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதைவதில்லை. உணவுப் பொதிக்கு எண்ணெய்த் தடுப்பாக அவற்றை விற்பது தம் நாட்டில் முடிவுக்கு வந்துவிட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. இங்கே வாங்கும்போது, அந்த இரசாயனம் சேர்க்கவில்லை என்ற சான்றிதழைக் கேளுங்கள். பாக்குமட்டையில் பார்க்க வேண்டியது பூஞ்சணம் மட்டும்தான். கரும்புள்ளி விழுந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொழிலாகத் தொடங்க விரும்புகிறேன். எங்கே போவது, எதில் தொடங்குவது?

கொழும்பில் பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1955இல் வேறு பெயரில் தொடங்கிய பழைய அரச ஆய்வகம் அது, உணவுப் பொருட்களைக் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருவார்கள். தென்னைக்கு லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. பனம்பொருட்கள் என்றால் யாழ்ப்பாணம் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் உண்டு.

அங்கே போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வாங்கப்போகும் சக்கையில் சரியாக 100 கிராம் நிறுத்து, அடுப்புப்பெட்டியில் 105 பாகையில், எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்தி, மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். மிஞ்சுவது 20 கிராம் என்றால், விற்கக்கூடிய ஒவ்வொரு கிலோ உலர்பொருளுக்கும் ஐந்து கிலோ சக்கையை ஏற்றி இறக்கி, நான்கு கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அந்த விறகுக்கும் லொறிக்கும் இன்றைய விலையில் என்ன செலவாகும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.